எதோடு ஒப்பிட்டு என்று கேட்ட மருத்துவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் கோபாலசாமி அவர்களே, செயலாளர் ரஞ்சித்குமார் அவர்களே, வாழ்க்கைத் துணையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சேனாபதி அங்கிள் அவர்களே, தாயை இழந்த தென்றல் அவர்களே, பிளெய்ன்ஸ்பரோவின் குடியிருப்புகளிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே, டெக்சஸின் இர்விங்கிலிருந்தும் ரவுண்ட் ராக்கிலிருந்தும் கேமராவை அணைத்துவிட்டு ஜூமில் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் ஜெயபிரகாஷ். மறைந்த மருத்துவர் வசந்தாமணி சேனாபதி அவர்களோடு ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தவன். புள்ளியியல் படித்தவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. எனக்கு முன் பேசியவர்கள் அம்மையாரை அன்பின் வடிவம் என்றார்கள், ஒத்துக்கொள்கிறேன். பொறுமையின் சிகரம் என்றார்கள். மன்னிக்க வேண்டும். பொறுமையா? வசந்தாமணி மேடத்துக்கா? லிஃப்ட் வர நேரமானால், முழங்கால் வலியோடு படியேறிப் போய்விடுவார். அலுவலகக் கூட்டத்தில் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால், "விசயத்துக்கு வாங்க" என்று தமிழிலேயே சொல்வார். எதிரே இருப்பவர் அயர்லாந்துக்காரராக இருந்தாலும் அதேதான். அந்த மனிதருக்குக் கடைசியில் அந்த ஒரு தமிழ் வாக்கியம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

இன்று காலை தென்றலிடம் கேட்டேன். "அம்மாவைப் பத்தி நான் நினைக்கிறதை அப்படியே பேசலாமா?" அவர் சொன்னார்: "ப்ளீஸ். ஜஸ்ட் டோன்ட் மேக் ஹர் நைஸ்." அந்த அனுமதியோடுதான் நிற்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சலி செலுத்தத்தான் வந்தேன். அதோடு ஒரு கேள்வியும் கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு இதே அரங்கில் அம்மையார் நடத்திய பெண்கள் கூட்டம், கருத்தடை பற்றியும் கருக்கலைப்பு பற்றியும் ஒளிவு மறைவில்லாமல் பேசிய அந்தக் கூட்டம், இனி நடக்குமா, நடக்காதா? பதில் தெரியாமல் நான் இந்த மைக்கை விடப்போவதில்லை.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்கு அவரை இந்தக் கூட்டத்தில் மட்டும்தான் தெரியும். எனக்கு அவரை வேலையில் தெரியும்.

எங்கள் துறையின் பெயர் மருந்துப் பாதுகாப்பு. ஒரு மருந்தைச் சாப்பிட்டவருக்குத் தலைசுற்றல், தடிப்பு, ரத்தக்கட்டி என்று எது வந்தாலும் எங்களுக்கு அறிக்கை வரும். படித்து, இது மருந்தால் வந்ததா, வேறு காரணமா என்று பிரிக்க வேண்டும். அம்மையார் அறிக்கை படிப்பார். நான் கணக்குப் போடுவேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு மருந்துக்கு வந்த பக்க விளைவுகளை எல்லாம் வரிசையாக அடுக்கி, வண்ணம் பூசி, பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தார். 

"எதோட ஒப்பிட்டு?" என்றார்.

"மேடம், இது பட்டியல்தான்."

"பட்டியல் போட்டாத் தண்ணிக்கும் போடலாம் தம்பி. தண்ணி குடிச்சவன் அத்தனை பேரும் ஒரு நாள் செத்திருக்கான். எதோட ஒப்பிட்டு, எத்தனை பேர்ல எத்தனை பேருக்கு? அதை எழுதாம என்ற மேசைக்குக் கொண்டாராதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு மதியம் முழுக்க வாதாடினேன். சில இடங்களில் நான் சொன்னதுதான் சரி என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பட்டியலைப் பார்த்து ஏன் இந்த அம்மா இப்படிக் கொதிக்கிறார்? காரணம் அவர் படித்த ஊரில் இருந்தது.

அம்மையார் தாராபுரத்துக்காரர். எழுபதுகளின் நடுவில் உதவித்தொகை கிடைத்து, மருத்துவம் படிக்க சோவியத் ஒன்றியத்துக்குப் போனார். மாஸ்கோவுக்கு அல்ல. வோல்கா ஆற்றங்கரையில் ஒரு மாகாண நகரத்துக்கு. பயிற்சிக்கு அனுப்பியது அதற்கும் உள்ளே, பனிக்காலத்தில் பேருந்து போனால் போகும், நின்றால் நிற்கும் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு. மாஸ்கோ வேறு, மாவட்டம் வேறு. தலைநகரில் ஆள் பிடித்துத் தேடினால் ஹங்கேரியிலிருந்து வந்த கருத்தடை மாத்திரை கிடைக்கும். மாவட்டத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களே குறைவு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும். 1920இல் கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதித்த முதல் நாடு சோவியத் ரஷ்யா. 1936இல் அதே நாடு தடை போட்டது. தடை போட்டதும் கருக்கலைப்பு நின்றதா? நிற்கவில்லை ஐயா! ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுச் சமையலறைக்குள் போனது. பெண்கள் செத்தார்கள். 1955இல் தடையை எடுத்தார்கள். நல்லது. ஆனால் கரு உண்டாகாமல் தடுத்துக்கொள்ள என்ன கொடுத்தார்கள்? ஆணுறை கிடைப்பது அரிது. கிடைத்ததும் தடித்த ரப்பர் செருப்பு மாதிரி இருக்கிறது என்று ஆண்களே கேலி செய்தார்கள். கருப்பைக்குள் வைக்கும் லூப் தேவையான அளவுக்கு வரவில்லை. மாத்திரை பரவுவதற்குள் 1974இல் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாத்திரையின் பக்க விளைவுகள் இன்னின்ன என்று. எதோடு ஒப்பிட்டு? அந்தப் பெண்ணுக்கு மாத்திரை இல்லையென்றால் அடுத்த வழி கருக்கலைப்பு. வருஷத்துக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. அதன் ஆபத்தைப் பக்கத்தில் வைத்து யார் பார்த்தார்கள்? மாவட்ட மருத்துவர்கள் பயந்துபோய் மாத்திரை எழுதுவதையே விட்டுவிட்டார்கள். பொய்யான பட்டியல் அல்ல அது. பக்க விளைவுகள் உண்மையிலேயே உண்டு. பாதி உண்மை என்ன செய்யும் என்பதை அம்மையார் அந்த வார்டில் நின்று பார்த்தார்.

அதை அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். "ரெண்டு மேசைங்க. பக்கத்துப் பக்கத்துல. ஒருத்தி கத்தறது அடுத்தவளுக்குக் கேக்கும். மயக்க மருந்து இருந்தாக் குடுப்பாங்க. எங்க இருக்குது? முடிஞ்சதும் எந்திரிச்சு அவளே நடந்து கட்டிலுக்குப் போவா. வேலைக்குத் திரும்பறப்போ ஆஸ்பத்திரி ஒரு சீட்டுக் குடுக்கும், எதுக்கு லீவுன்னு அதுல எழுதியிருக்கும். ஆலையே படிக்கும்."

அந்த நாட்டை அவர் திட்டியதில்லை. இதையும் நான் பதிவு செய்ய வேண்டும். "என்னை ஒரு காசு வாங்காம டாக்டராக்குன தேசம். அங்க இருந்த டாக்டரம்மாமாரு கெட்டவங்க இல்லீங்க. அவங்க கையில ஒண்ணுமே இல்ல" என்பார்.

அந்த வார்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தவர் நீனா. பால் ஆலையில் வேலை. அம்மையார் அப்போது மாணவி, ரஷ்ய மொழி தட்டுத் தடுமாறி வரும். மூன்றாவது முறை நீனா வந்தபோது, வெளியே போகும் முன் அவரை நிறுத்திக் கேட்டார்: "மறுபடி வராம இருக்க என்ன செய்யப் போறே?" வார்டே சிரித்ததாம். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அங்கே கேட்டதில்லை. நீனா சொன்னார்: "நீ என்ன கொண்டு வந்திருக்கே, இந்தியாக்காரி? இருந்தா எடு."

இருந்தால் எடு! நியாயம்தானே? 

படிப்புக்கு நடுவில் ஒரே ஒரு முறை அம்மையார் ஊருக்கு வந்தார். தாராபுரம் பக்கத்தில் அரசு சுகாதார நிலையம். நம் ஊரில் அப்போது குடும்பக் கட்டுப்பாட்டுக்காக நிரோத் ஆணுறை இலவசம். கல்யாணமாகாத பெண், நேராகப் போய் நர்சம்மாவிடம் கேட்டிருக்கிறார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "எடுத்துட்டுப் போ கண்ணு, எத்தனை பெட்டி வேணும்? மேல டார்கெட் டார்கெட்னு உசுரை எடுக்கறாங்க" என்று அட்டைப் பெட்டியாகவே கொடுத்துவிட்டார். அங்கே பஞ்சம். இங்கே டார்கெட். இரண்டு அரசாங்கங்களையும் ஒரே பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு பெண் விமானம் ஏறினார்!

பெட்டிக்குள் வேறு என்ன இருந்தது? அவருடைய அம்மா கொடுத்த சாம்பார்ப் பொடி. மாஸ்கோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். பொடியை முகர்ந்து பார்த்துத் தும்மினார். அடுத்து நிரோத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். இரண்டு பாக்கெட்டை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "போ, போ" என்றார். 

வார்டில் நீனாவிடம் கொடுத்தபோது அவர் முகர்ந்து பார்த்துக் கேட்டாராம்: "உங்க நாட்டுல இதுக்குக்கூட மிளகாய் போடுவீங்களா?" பொடி கசிந்து உறை பூராவும் மணம் ஏறிவிட்டது. "எரியாதே? எரிஞ்சா எம் புருசன் உன்னைத் தேடி வருவான்." ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்துக் கட்டில்காரியும் கேட்டாள். ஒரு வாரத்தில் பெட்டி காலி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அம்மையாரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லி முடித்ததும் முகம் மாறிவிடும். ஒரு பெட்டிதானே அது? அதற்கப்புறம்? பனிக்காலத்தில் நீனா திரும்பவும் வந்தார். இந்த முறை கையில் கொடுக்க இவரிடம் எதுவும் இல்லை. ரத்தப்போக்கு நிற்கவில்லை. எழுந்து நடக்க முடியாதவரை இவர்தான் மேசையிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டார். நீனா வீடு திரும்பவில்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை.

பெட்டி தீர்ந்தது என்பதற்காக ஒரு பெண் சாகலாமா? இந்தக் கேள்வியோடுதான் அந்த அம்மா இந்தியா திரும்பினார். பிறகு கணவரோடு அமெரிக்கா வந்தார். இங்கே மருத்துவராக உரிமம் பெற வழி அமையவில்லை. சின்னக் குழந்தை, ஒற்றைச் சம்பளம். அறிக்கை படிக்கும் வேலைக்குப் போனார். அதை அவர் மறைத்ததே இல்லை. இரண்டாம் ஞாயிறு கூட்டத்தில் முதலில் சொல்வது இதுதான்: "நான் இங்க டாக்டர் இல்லீங்க. அங்க டாக்டர், இங்க ரிப்போர்ட் படிக்கறவ. உங்க டாக்டர்கிட்டப் போயி என்ன கேக்கோணும்னு மட்டும் சொல்லித் தாரேன்."

இனி நம் கதை. இங்கே இருக்கும் சிலருக்கு இது சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

மூன்று வருடம் முன்பு நம் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கருத்தடை மாத்திரையின் ஆபத்துகள். ரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் கோளாறு, அடுத்த குழந்தை பிறக்காது. கீழே கைகூப்பிய படம். அதை அனுப்பியவர் தலைவர் கோபாலசாமி அங்கிள். நான் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, இந்த மேடையில் இதைச் சொல்லும்படி அவரே நேற்று என்னிடம் சொன்னார். கெட்ட எண்ணமா? இல்லவே இல்லை. ஆங்கிலத்தில் வந்ததை நம் பெண்களுக்குப் புரியட்டும் என்று உட்கார்ந்து தமிழாக்கி அனுப்பினார். அதில் ஒரு வரி சுத்தப் பொய். மாத்திரையை நிறுத்தினால் குழந்தை பிறக்கும். மற்றவை? அரிதாக உண்டு. ரத்தக்கட்டி வரலாம். ஆனால் கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் அதே ரத்தக்கட்டி வருவதற்கு இன்னும் அதிக வாய்ப்பு இருக்கிறதே, அது எங்கே? எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று ஒரு எண்ணாவது இருந்ததா?

அலுவலகத்தில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மேடம் எழுந்து நின்றார். "இது அந்தச் சுத்தறிக்கையேதான் தம்பி. ரஷ்யாக்காரன் சீல் மட்டும் இல்ல."

குழுவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அதை உண்மையென்று நம்பி மாத்திரையை நிறுத்தியவர் ஒருவர். கயல்.

கயல் இங்கே இருக்கிறார். நான்காவது வரிசையில், கணவர் கிரீஷ் பக்கத்தில். பெயரைச் சொல்லலாமா என்று கேட்டபோது அவர் சொன்னது இது: "தாராளமா சொல்லுங்க ப்ரோ. பேர் சொல்லாம விட்டீங்கன்னா எல்லாரும் யாரு யாருன்னு கெஸ் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க. அந்த டார்ச்சருக்கு இதுவே பெட்டர்."

கயலுக்கு அப்போது கைக்குழந்தை. சிசேரியன். வேலை பார்க்க விசா அனுமதி இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் செய்தியைப் பார்த்து நிறுத்தினார். மீண்டும் கர்ப்பம். யாரிடம் கேட்பது? அம்மா கோவையில். சொன்னால் பதறுவார். அடுத்த பிளாக்கில் இருந்த வசந்தாமணி ஆன்ட்டியின் கதவைத் தட்டினார். ஆன்ட்டி முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டார். அப்புறம் கேட்டார்:

"உனக்கு என்ன தோணுது கண்ணு?"

"தெரியல ஆன்ட்டி. கிரீஷ் உன் இஷ்டம்னு சொல்றான். அது ஹெல்ப்பே இல்ல."

"அவன் வாயில அந்த அளவுக்கு வந்ததே பெருசு. உக்காரு. எந்தெந்த வழி இருக்குதுன்னு சொல்றேன். ஒவ்வொண்ணுலயும் உடம்புக்கு என்ன ஆகும்னும் சொல்றேன். முடிவு உன்னுது. இன்னிக்கே எடுக்கோணும்னு இல்ல, ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதே."

மறுநாள் கயலைக் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். உள்ளே போகவில்லை. குழந்தையோடு வெளியே காத்திருந்தார்.

கயல் என்ன முடிவெடுத்தார்? அதைத் தெரிந்துகொள்ள உங்களில் நாலு பேர் முன்னால் சாய்வது இங்கிருந்தே தெரிகிறது. எனக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கு வேண்டாத விஷயம். லீவு சீட்டில் காரணத்தை எழுதி ஆலைக்கே படிக்கக் கொடுத்த ஊரில் இருந்து வந்தவர் அந்த அம்மா. கிரீஷைத் தவிர வேறு ஒருவருக்கும் அது தெரியாமல் பார்த்துக்கொண்டார். சேனாபதி அங்கிளுக்கே தெரியாது. இல்லையா அங்கிள்? பாருங்கள், தெரியாது என்கிறார்.

அந்த வாரம்தான் அம்மையார் கோபாலசாமி அங்கிள் வீட்டுக்கு நேராகப் போனார். சண்டை நடந்தது. அங்கிளே சொன்னார்: "ஏம்மா, நான் நல்லதுக்குத்தானே போட்டேன்?" அதற்கு மேடம்: "நல்லதுக்குப் போட்டது போதும்ங்க. இப்ப ஹாலைக் குடுங்க." அங்கிள் கொடுத்தார். இதையும் நான் சொல்லியாக வேண்டும். எத்தனை தலைவர்கள் கொடுப்பார்கள்? அந்தச் செய்தியையும் அன்றைக்கே நீக்கிவிட்டு, தப்பு என்று குழுவில் எழுதினார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேடம், சரியான நம்பரைப் போட்டு ஒரு பிடிஎஃப் பண்ணி குரூப்ல விட்டா அஞ்சு நிமிஷ வேலை. எதுக்கு மாசாமாசம் ஹால், நாற்காலி, டீ?" 

"பிடிஎஃப்கிட்ட எதிர்க்கேள்வி கேக்க முடியுமா தம்பி? அங்க ஆஸ்பத்திரி வராந்தா பூராவும் போஸ்டர்தான். கருக்கலைப்பு உடம்புக்குக் கெடுதி, கருக்கலைப்பு உடம்புக்குக் கெடுதி. சரி, அப்ப என்ன பண்றதுன்னு யாரைக் கேப்பா நீனா? செவுத்தையா?" இந்த விவாதத்தில் நான் ஜெயிக்கவில்லை.

முதல் கூட்டத்துக்கான அறிவிப்பை ரஞ்சித்குமார் அண்ணன் தயார் செய்தார். கருத்தடை என்று போட அவருக்குக் கை வரவில்லை. "தாய்மைக் கால உணவுமுறை" என்று போட்டுவிட்டார். விளைவு? ஊரிலிருந்து வந்திருந்த மாமியார்கள் அத்தனை பேரும் மருமகள்களை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்! குங்குமப்பூவை எந்த மாதம் கொடுக்கலாம் என்று ஒருவர் கேட்டார். மேடம் கொஞ்சமும் அசரவில்லை. "குங்குமப்பூவை அப்பறம் பாக்கலாம். இங்க எத்தனை பேருக்கு லூப் போட்டிருக்குது? கையைத் தூக்குங்க."

மருமகள்கள் தரையைப் பார்த்தார்கள். கை தூக்கியது மாமியார்கள். பர்வதம் ஆன்ட்டி எழுந்து நின்று சொன்னதை என் அக்கா வந்து சொன்னார்: "எனக்குப் பையன் பிறந்த அன்னைக்கே போட்டுட்டாங்கம்மா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. மூணு வருஷம் கழிச்சு இடுப்பு வலின்னு போறேன், அந்த நர்ஸ் 'அதான் லூப் இருக்கே'ங்கறா. எனக்கே அப்பதான் தெரியும்!" அரங்கம் சிரித்துத் தீர்த்தது. சிரிப்பு அடங்கியதும் இன்னொரு மாமியார், "எனக்கும் அப்படித்தான்" என்றார். அப்புறம் இன்னொருவர். 

மேடம் சொன்னார்: "நான் இருந்த ஊர்ல கேட்டாலும் கிடைக்கல. உங்களுக்குக் கேக்காமயே வெச்சுட்டாங்க. ரெண்டு பக்கமும் பொம்பளைகிட்ட மட்டும் யாரும் பேசலீங்க." அன்றைக்கு மாமியார் முன்னால் மருமகள் கேள்வி கேட்டாள். அதற்கு மாமியாரே பதில் சொன்னார். அதை எந்தப் பிடிஎஃப் செய்யும்?

2022இல் டெக்சஸில் கருக்கலைப்பைத் தடை செய்யும் சட்டம் வந்த பிறகு இர்விங்கிலிருந்தும் ரவுண்ட் ராக்கிலிருந்தும் ஜூமில் பெண்கள் சேர ஆரம்பித்தார்கள். கேமரா இருக்காது. பெயருக்குப் பதில் "ஐபோன்" என்று இருக்கும். "ஆன்ட்டி, இங்க டாக்டர்கிட்ட எதைக் கேட்டா ப்ராப்ளம், எதைக் கேட்டா ப்ராப்ளம் இல்ல?" என்று ஒரு குரல் கேட்கும். கேள்வியைக் கேட்கவே பயப்படுகிறவர்களிடம், "கண்ணு, சட்டம் என்ன சொல்லுதுன்னு வக்கீலைக் கேட்டு அடுத்த தடவை சொல்றேன். கருத்தடையை இன்னிக்கே கேளு, அதுக்கு எந்தத் தடையும் இல்ல" என்பார். சொன்னபடியே அடுத்த தடவை ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு வருவார். 

சென்ற மாதமும் இரண்டாம் ஞாயிறு வந்து நடத்தினார். அந்த வாரமே மூளையில் ரத்தக்கசிவு. எழுபதை எட்டவில்லை. போய்விட்டார்.

அவர் போன பத்தாம் நாள் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. அம்மையாரின் நினைவாக இரண்டாம் ஞாயிறுகளில் சிறுதானியச் சமையல் வகுப்பு. "வசந்தாமணி அம்மையார் நினைவுச் சிறுதானிய வகுப்பு." பெரியோர்களே! அந்த அம்மாவுக்குக் கம்பங்கூழ் பிடிக்காது. அதையும் விடுங்கள். நீனாவை அந்த மேசையிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டவர் பெயரில் தினை உப்புமாவா?

ரஞ்சித்குமார் அண்ணனைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவருடைய பயம் உண்மையான பயம். "ஜேபி, உனக்கு என்ன, நீ பேசிட்டுப் போயிடுவ. நாளைக்கு யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணா நான்தான் பதில் சொல்லணும். கிரீன் கார்டுக்கு வெயிட் பண்ற ஆளுங்கடா நாமெல்லாம். அம்மா இருந்தாங்க, அவங்க பாத்துக்கிட்டாங்க. இனிமே யாரு இருக்கா?" என்றார்.

அண்ணே, உங்கள் பயத்தையும் எடுத்து வைக்கிறேன். ஆனால் மேடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறேன். எதோடு ஒப்பிட்டு? கூட்டம் நடந்தால் ஒரு புகார் வரலாம். நடக்காவிட்டால் என்ன வரும்? இன்னொரு கைகூப்பிய படம் வரும். இன்னொரு பெண் மாத்திரையை நிறுத்துவாள். அவளுக்குத் தட்ட ஒரு கதவு இருக்காது. இர்விங்கில் இருக்கும் பெண்ணுக்கு இந்த ஜூம் இணைப்புதான் கதவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது கனம்?

யார் நடத்துவது? கயல் நடத்துகிறார். அவர் டாக்டர் இல்லை என்பீர்கள். மேடமும் இங்கே டாக்டர் இல்லை. டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத்தானே கூட்டம்? அதைக் கேட்கத் தெரியாமல் தவித்தவரைவிட யாருக்கு அது நன்றாகத் தெரியும்? சந்தேகமானதற்கு, இதே ஊரில் மகப்பேறு மருத்துவராக இருக்கும் டாக்டர் ஹம்சா வர ஒப்புக்கொண்டிருக்கிறார். எண்களை நான் சரிபார்த்துத் தருகிறேன். ஒப்பீடு இல்லாத ஒரு பட்டியலும் அந்தக் கூட்டத்துக்குள் வராது. இது என் உறுதிமொழி.

தலைவர் அவர்களே, கூட்டம் நடக்குமா?

தலையாட்டுகிறார். அங்கிள், ஜூமில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. மைக்கை நீட்டுகிறேன், வாயால் சொல்லிவிடுங்கள்.

"நடக்கும்" என்கிறார். "இந்தத் தடவை ஃப்ளையர்ல கருத்தடைன்னே போடு ரஞ்சித்" என்கிறார். ரஞ்சித்குமார் அண்ணன் என்னை முறைக்கிறார். முறைத்துக்கொண்டே போனில் தட்டவும் ஆரம்பித்துவிட்டார். நன்றி அண்ணே.

சேனாபதி அங்கிள், உங்கள் இழப்புக்கு என்னிடம் வார்த்தை இல்லை. தேடியும் கிடைக்கவில்லை. தென்றல், நான் உங்கள் அம்மாவை நைஸ் ஆக்கவில்லை என்று நம்புகிறேன். மருத்துவர் வசந்தாமணி சேனாபதி! அங்கே கையில் மருந்தில்லாத டாக்டர். இங்கே கையில் உரிமமில்லாத டாக்டர். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர். உங்களுக்கு எங்கள் வணக்கம்.

கடைசியாக ஒன்று. நாளை இரண்டாம் ஞாயிறு. இந்தக் கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல் நாற்காலிகளை அடுக்காதீர்கள், அப்படியே கிடக்கட்டும். காலையில் பெண்கள் வந்து உட்கார வேண்டும். ஆண்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பத்து மணிக்கு வெளியே பூங்காவில் நிற்பேன். அத்தனை குழந்தைகளை ஒற்றை ஆளாக மேய்க்க என்னால் முடியாது. வருகிறவர்கள் ஆளுக்கொரு பந்து கொண்டு வாருங்கள்.